ஏடிஎஃப் (அமெரிக்க மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் அமலாக்க அமைப்பு): துப்பாக்கி, பட்டாசு, சிகரெட், வீட்டு ஒயின் – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். துப்பாக்கி வாங்க முடியாது என்று தெரியும். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடலாம்தானே?

பதில்: கூடாது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. அரை மணி நேர வாடகையும் அதில் அடங்கும். தண்டனை 15 ஆண்டுச் சிறை வரை போகலாம், நாடுகடத்தலுக்கும் அதுவே காரணமாகலாம். சுடுதளத்தில் யாரும் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை என்பது நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது.

விலக்குகளில் பலருக்கும் எட்டக்கூடியது ஒன்று: ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது இருந்தால் சுடலாம், வாங்கவும் செய்யலாம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் விலக்கு உண்டு என்று குறித்து, உரிமத்தைக் காட்டுங்கள். உரிமம் முடியும் தேதியை மறந்துவிடாதீர்கள், அன்றோடு விலக்கும் முடிந்துவிடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

கேள்வி: கிரீன் கார்டு உள்ள நண்பர் தன் பெயரில் எனக்கு வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வாங்குபவரே உண்மையான உரிமையாளரா என்று 4473 நேரடியாகக் கேட்கிறது. உங்கள் பணத்தில் வாங்கிக்கொண்டு ‘ஆம்’ என்று எழுதினால் அது பினாமி கொள்முதல். 2022-இல் அதைத் தனிக் குற்றமாக்கி, 15 ஆண்டு வரை தண்டனை வைத்தார்கள்.

கேள்வி: குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று ஏடிஎஃப் கணினியில் தட்டினால் பெயர் வந்துவிடுமா?

பதில்: வராது. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டை உருவாக்குவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தடமறி மையம் படிப்படியாகத்தான் தேடுகிறது. போலீஸ் அனுப்பும் சீரியல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரையோ இறக்குமதியாளரையோ கேட்பார்கள். அவர் மொத்த வியாபாரியைச் சொல்வார், மொத்த வியாபாரி சில்லறைக் கடையைச் சொல்வார். கடைக்காரர் 24 மணி நேரத்துக்குள் 4473-ஐப் பார்த்து, வாங்கியவர் பெயரைத் தர வேண்டும். மூடிய கடைகளின் பதிவேடுகள் மையத்துக்கே வந்துவிடும். அவற்றைப் படமெடுத்து வைத்திருந்தாலும், பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கக் கூடாது.

சில சமயம் முதல் படியிலேயே சறுக்குகிறது. எண்ணில் ஓர் எழுத்து விட்டுப்போகும், இறக்குமதியாளர் பெயரைத் தயாரிப்பாளர் என்று எழுதியிருப்பார்கள், அல்லது எண்ணையே அரத்தால் அராவியிருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் கிடைப்பது கடையில் முதலில் வாங்கியவர் பெயர்தான். அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றிருந்தால், அதைப் பதிவு செய்யும்படி மத்தியச் சட்டம் சொல்லவில்லை. மாநிலச் சட்டமும் கேட்காத இடத்தில் தடம் அங்கேயே அறுந்துபோகும். என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகப்பெரிய ஓட்டை இதுதான்.

கேள்வி: தீபாவளிக்கு எங்கள் சங்கம் வாணவேடிக்கை நடத்த ஆசைப்படுகிறது. ஏடிஎஃப் அனுமதி வேண்டுமா?

பதில்: கடையில் சட்டப்படி விற்கும் சாதாரணப் பட்டாசை வாங்கி வெடிக்க அது தேவையில்லை. மாநில, நகர விதியைப் பாருங்கள். மாசசூசெட்ஸில் தனியார் பட்டாசு வெடிக்கவே கூடாது. சாதாரண வெடி ஒன்றில் 50 மில்லிகிராம் மருந்துதான் இருக்கலாம். எம்-80 என்று ரகசியமாக விற்பதில் சுமார் 3 கிராம் இருக்கும், கிட்டத்தட்ட 60 மடங்கு. அது சட்டவிரோத வெடிபொருள், விரல்களைப் பறிக்கக்கூடியது. குழந்தைகள் கையில் கண்டால் நீங்கள் தொடாமல், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

வானில் விரியும் பெரிய குண்டுகள் வேறு வகை. அவற்றை வாங்கவும் சேமிக்கவும் ஏடிஎஃப் உரிமமோ அனுமதியோ கட்டாயம். உரிமம் பெற்ற நிறுவனத்தை அமர்த்தி, உள்ளூர் தீயணைப்பு அதிகாரியின் அனுமதியையும் வாங்குங்கள். குண்டுகளைச் சங்கச் செயலாளர் வீட்டு கராஜில் ஓர் இரவுகூட வைக்காதீர்கள்.

கேள்வி: மிசௌரியில் சிகரெட் மலிவு. நியூயார்க் நண்பர்களுக்கு வாங்கிப் போகலாமா?

பதில்: மிசௌரி வரி பாக்கெட்டுக்கு 17 சென்ட், நியூயார்க்கில் 5.35 டாலர். கடத்தல் நடப்பதே இந்த இடைவெளியால்தான். உள்ளூர் வரி முத்திரை இல்லாமல் 10,000 சிகரெட்டுக்கு மேல், அதாவது 50 கார்ட்டனைத் தாண்டினால் ஏடிஎஃப் விசாரிக்கும் மத்தியக் குற்றம். அதற்குக் குறைவானாலும் மாநில வரிச்சட்டம் பிடிக்கும்.

கேள்வி: வீட்டில் திராட்சை ஒயின் போட ஏடிஎஃப்பிடம் கேட்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2003-இல் ஏடிஎஃப் நீதித்துறைக்கு மாறியபோது, மது, புகையிலை வரியும் உரிமமும் கருவூலத் துறையின் டிடிபியிடம் (மது, புகையிலை வரி, வணிக அமைப்பு) தங்கிவிட்டன. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ மேலோ இருந்தால் 200 கேலன் ஒயின் வரியின்றிப் போடலாம். விற்கக் கூடாது.