ஆறுதல் வேண்டாம், ஆள் வேண்டும்

கேள்வி: என் தோழியின் கணவர் மாரடைப்பில் இறந்து நான்கு மாதம் ஆகிறது. வாராவாரம் போய், "ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, மனசைத் தேத்திக்கோ" என்று ஆறுதல் சொல்கிறேன். இப்போதெல்லாம் நான் போனாலே படுத்துக்கொள்கிறாள். என்ன தப்புச் செய்தேன்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பேசியதுதான் தப்பு. 'மனசைத் தேத்திக்கோ' என்பது அவர் காதில் 'என் எதிரே அழாதே' என்றுதான் விழும். பிள்ளைகளையும் இழுத்தால், அழுவதே குற்றமாகிவிடுகிறது. கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வார்?

பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். அதற்குப் பிறகும் நீங்கள் போகிறீர்களே, அது பெரிய விஷயம். நிறுத்திவிடாதீர்கள்.

"வரட்டுமா?" என்று கேட்காமல், "செவ்வாய் நாலு மணிக்கு வர்றேன், அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவேன்" என்று சொல்லுங்கள். எப்போது கிளம்புவீர்கள் என்று தெரிந்தாலே பாதி பாரம் குறையும். முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கிப் போங்கள். எதிரே நாற்காலி போட்டு முகத்தையே பார்க்காமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முறத்தில் கீரையை உருவுங்கள். கையும் கண்ணும் கீரையில் இருந்தால் வாய் திறப்பது சுலபம். அவர் ஏதாவது சொன்னால் உடனே பதில் சொல்லாதீர்கள்; மனதுக்குள் பத்து எண்ணுங்கள். சொல்ல வந்தது பல நேரம் அதற்கப்புறம்தான் வரும். அழுதால் அவசரமாகத் தண்ணீர் டம்ளரை நீட்ட வேண்டாம். அதுவும் 'போதும், நிறுத்து' என்பது போலத்தான்.

"எப்படி இருக்கே?" என்றால் "இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே? காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். அவர் கணவரின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். மற்றவர்கள் எல்லாரும் அதைத் தவிர்த்துக்கொண்டிருப்பார்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதில் பயனில்லை, கேட்கவும் தெம்பு வேண்டும். வாரிசுச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால், "வியாழக்கிழமை இ-சேவை மையத்துக்குப் போகலாம், ஆதாரை எடுத்து வை" என்று நீங்களே நாள் குறியுங்கள்.

"நானும் அவரோடவே போயிருக்கலாம்" என்று சொன்னால் மட்டும் பேச்சை மாற்றக் கூடாது. "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உள்ளே இருந்தால் சொல்லி அழ இடம் கிடைக்கும். "ஆமாம்" என்றால் அன்று ராத்திரி அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரை அட்டைகள், பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றையும் வீட்டை விட்டே வெளியே கொண்டுபோங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 'எப்படி, எப்போது' என்று முடிவே செய்து வைத்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டெலிமானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தாலும் நீங்களே அழைத்து, "என் தோழி இப்படிச் சொல்றா, இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.