‘விரைவில்’ என்று எழுதிக் கொடுத்த கையெழுத்து

கேள்வி: ஊரப்பாக்கத்தில் என் பெயரில் இருக்கும் தனி வீட்டை ஒன்றரை வருடமாக விற்கப் பார்க்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். கடைசியில் ஒருவர் 78 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டு, 2025 மார்ச்சில் 5 லட்சம் வங்கி வழியாக முன்பணம் கொடுத்தார். மூன்று மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் பதிவு செய்தோம். கெடு முடிந்தும் கிரயம் முடிக்கவில்லை. ஆகஸ்ட்டில் 2 லட்சம் ரொக்கமாகத் தந்தார். இப்போது வங்கி மதிப்பீடு குறைந்துவிட்டது, 70 லட்சம்தான் தருவேன் என்கிறார். சுவரில் விரிசல், வாசல் திசை சரியில்லை என்று அவமானப்படுத்துகிறார். தரகரும் அவர் பக்கம். இதற்கிடையே வேறொருவர் 76 லட்சத்துக்குத் தயாராக இருக்கிறார். ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டதால், 7 லட்சத்தையும் பறிமுதல் செய்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு, புதியவருக்கு விற்கலாம் என்கிறார் என் மைத்துனர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் அம்மா.

தரகர் யார் பக்கம், சுவரைத் தட்டிப் பார்த்து என்ன சொன்னார், பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்றெல்லாம் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. வழக்கு என்று வந்தால் அதில் ஒரு வரிகூட உதவாது. உங்கள் கடிதத்தோடு வந்த கைப்பேசிப் படம் ஒன்றுதான் முக்கியம். ஒப்பந்தத்தின் கடைசித் தாளின் பின்பக்கம், நீல மையில், மூன்று வரி: ‘இன்று ரூ. 2,00,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன். மீதித் தொகையை விரைவில் செலுத்தி கிரயம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்.’ கீழே உங்கள் கையெழுத்து. அசல் அவரிடம் இருக்கிறது.

கெடு ஜூனில் முடிந்தது. நீங்கள் ஆகஸ்ட்டில் பணம் வாங்கியிருக்கிறீர்கள். ஜூன் கெடுவை அன்றைக்கே நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். புதுக் கெடுவாக ஒரு தேதியும் போடவில்லை. அசையாச் சொத்து விற்பனையில் கெடு உயிர்நாடி அல்ல என்றுதான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். வேறு மாதிரி என்றால் நாம்தான் காட்ட வேண்டும். ‘விரைவில்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அதைக் காட்ட முடியாது. கெடு குறிக்காத ஒப்பந்தத்தில், கிரயம் செய்து தர மாட்டேன் என்று நீங்கள் மறுத்தது அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவர் வழக்குப் போடலாம். மைத்துனர் சொல்லும் அந்த நோட்டீஸ்தான் அவருக்கு அந்த மறுப்பைக் கையில் கொடுக்கும்.

சரி, வழக்குப் போட்டால் என்ன ஆகும்? ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தரக் கேட்கும் வழக்கில், முன்பெல்லாம் நீதிபதிக்கு விருப்புரிமை இருந்தது. விற்பவரின் கஷ்டத்தைப் பார்த்து, ‘கிரயம் வேண்டாம், முன்பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு’ என்று முடிப்பார்கள். 2018 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் அந்த வாசலைப் பெரிதும் அடைத்துவிட்டது. ஒப்பந்தம் உண்மை, வாங்குபவர் பணத்தோடு தயாராக இருந்தார் என்று நிரூபித்தால் கிரயம் செய்து கொடு என்றுதான் தீர்ப்பு வரும்.

புதியவருக்கு விற்றுவிட்டால் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. வழக்கு முடியும்போது நீங்களும் அவரும் சேர்ந்து முதல் ஆளுக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க நேரலாம். அப்புறம் புதியவர் உங்கள் மேல் மோசடிப் புகார் கொடுப்பார். வில்லங்கம் எதுவும் இல்லை என்று கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தானே. (பதிவு செய்யாத ஒப்பந்தம் வைத்திருக்கும் மற்ற வாசகர்களும் நிம்மதி அடைய வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தப் பதிவு கட்டாயம்தான். ஆனாலும் பதியாத ஒப்பந்தத்தை இந்த வகை வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.)

இன்னொரு ஆபத்து அந்த 2 லட்சம் ரொக்கம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். அந்த அபராதம் விற்பவர் தலையில்தான் விழும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியதாக வழக்கில் வந்தால், நீதிமன்றமே வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ரொக்கம் வாங்கியதைக் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் காகிதம் கோர்ட் படியேறுவது உங்களுக்கு நல்லதல்ல.

பறிமுதல் பற்றி ஒன்றே சொல்கிறேன். 5 லட்சத்துக்காவது வாதம் உண்டு. பிறகு வாங்கிய 2 லட்சம் கிரயத் தொகையின் பகுதி. அதை வைத்துக்கொள்ள வழியில்லை. 7 லட்சத்தைப் பிடிக்கப் போய் 76 லட்சத்து வீட்டைப் பூட்டி வைப்பீர்கள்.

உங்கள் கையில் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது. 70 லட்சம்தான் தருவேன் என்று அவர் வாட்ஸாப்பில் எழுதியிருக்கிறார். ஒப்பந்த விலைக்கு அவர் தயாராக இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. ஒரு செய்தியைக்கூட அழிக்காதீர்கள், அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள். ஆனால் அதைப் பேச்சுவார்த்தைக்குப் பயன்படுத்துங்கள். அதை நம்பி வழக்குக்குப் போனால் ஜெயிக்கலாம். ஜெயிக்கிற வரை வருடக்கணக்கில் அந்த வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள், எந்த வங்கியும் கடன் தராது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். 75 லட்சம், 30 நாளில் கிரயம், முழுவதும் வங்கி வழியாக என்று அவரிடம் ஒரு முறை கேளுங்கள். ஒத்துக்கொண்டால் தேதி குறித்துப் புது உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்யுங்கள். பின்பக்கத்தில் கிறுக்கும் வேலை இனி வேண்டாம். மாட்டேன் என்றால் 7 லட்சத்தையும் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள். வட்டி என்று ஐம்பதாயிரம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகும் 76இல் உங்களுக்கு நிற்பது அவர் கேட்கும் 70ஐவிட ஐந்தரை லட்சம் அதிகம்.

இந்த இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். திருநின்றவூர் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நல்ல மனிதர். முன்பணத்தை, ஒப்பந்தம் போட்ட எதிராளி வீட்டுக்கே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘கணக்குத் தீர்ந்தது’ என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அடுத்த வாரம் வருகிறேன் என்றவர் வரவே இல்லை. பணம் போய்விட்டது, வில்லங்கச் சான்றில் ஒப்பந்தம் அப்படியே இருந்தது. புதிதாக வந்த மூன்று பேரும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்துத்தான் அந்தக் கையெழுத்தை வாங்கினோம். பதிவான ஒப்பந்தத்தை நீங்கள் தனியாகப் போய் ரத்து செய்துவிட முடியாது, அவர் கையெழுத்தும் வேண்டும். அதனால் 7 லட்சத்துக்கும் டிடி (வங்கி வரைவோலை) எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அந்த டிடி எண்ணை ரத்துப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அவர் கையெழுத்தும் கைரேகையும் வைத்து, பத்திரத்துக்குப் பதிவு எண் விழுந்த பிறகுதான் டிடியை நீட்ட வேண்டும். அசல் ஒப்பந்தத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுப்பதையும் ரொக்கமாகச் செய்யாதீர்கள், அதற்கும் அதே அபராதம்தான்.

7 லட்சமும் கடன் அடைக்கப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நகையை வைத்தாவது, மகனிடம் கேட்டாவது புரட்டுங்கள். புதியவர் வங்கிக் கடனில் வாங்குகிறவர் என்றால் ரத்து ஆகாமல் அவருக்குக் கடன் கிடைக்காது. அவர் சொந்தப் பணம் வைத்திருந்தால், முதல் ஆள் பெயரில் 7 லட்சத்துக்கு அவரே டிடி எடுத்து வந்து, ஒரே நாளில் முதலில் ரத்து, அடுத்து கிரயம் என்று முடிப்பதும் உண்டு. அதற்கு மூன்று தரப்பும் ஒரே மேசைக்கு வர வேண்டும். பக்கத்தில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எதற்குமே ஒத்துவராவிட்டால் மட்டும் நோட்டீஸ். அதுவும் ரத்து நோட்டீஸ் அல்ல. 30 நாளுக்குள் ஒப்பந்த விலைப்படி மீதித் தொகையைக் கட்டிக் கிரயம் செய்துகொள்ளுங்கள், நான் தயார் என்ற நோட்டீஸ். கெடு என்ற ஒன்றை மறுபடி உண்டாக்க அதுதான் வழி. அதை ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியோடு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்ப வேண்டும்.

புதியவரிடம் அதுவரை டோக்கன் என்று ஆயிரம் ரூபாய்கூட வாங்காதீர்கள். ரத்து பதிவானதும் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுங்கள். ரத்து அதில் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.