கரோலினாக் கடற்கரைக்குப் போகும் வழியில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், வட கரோலினாவின் கேரி நகரில் வசிக்கிறாள். வரும் கோடையில் நானும் என் கணவரும் அங்கே சென்று, மகள் குடும்பத்தோடு அட்லாண்டிக் பீச்சில் மூன்று நாள் தங்கவிருக்கிறோம். அந்தப் பகுதியில் விறகுத் தணலில் வேகும் பார்பிக்யூ பெயர்பெற்றது என்கிறார் மருமகன். கடற்கரையில் எந்த உணவகத்துக்குப் போகலாம்? என் கணவர் சைவம். அவருக்கு என்ன கிடைக்கும்? (வாசகி, திருச்சி)

பதில்: கடற்கரையில் தேட வேண்டாம், கடற்கரைக்குப் போகும் வழியில் தேடுங்கள். அலையோர ஊர்களில் நீங்கள் விரும்பிச் சாப்பிட வேண்டியவை மீனும் இறாலும்தான். பார்பிக்யூவின் சொந்த மண், மாநிலத் தலைநகரான ராலேவுக்கும் கடலுக்கும் இடையே புகையிலையும் சோளமும் விளைகின்ற, பன்றி வளர்ப்பில் பேர்போன சமவெளியில் உள்ள சிற்றூர்கள்.

நம் ஊர் உணவகங்களில் பார்பிக்யூ என்றால் கம்பியில் கோத்துச் சுட்ட கோழியோ பனீரோ மேசைக்கு வரும். கிழக்கு வட கரோலினாவில் அந்தச் சொல்லுக்குப் பன்றி இறைச்சி என்பதே பொருள். அதிலும் முழுப் பன்றி. விறகைத் தனியே எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை மண்வாரியால் அள்ளிக் கம்பிவலைக்கு அடியில் சிறிது சிறிதாகப் பரப்பிக்கொண்டே இருப்பார்கள். வலைமேல் கிடக்கும் இறைச்சியின் கொழுப்பு உருகித் தணலில் சொட்ட, அதிலிருந்து எழும் புகை மறுபடியும் இறைச்சியிலேயே ஏறும். ஏறத்தாழ ஓர் இரவு முழுவதும் நடக்கும் வேலை இது. தணல் கூடினால் தோல் கருகும், குறைந்தால் தொடைக்கறி வேகாது என்பதால் ஒருவர் கண்விழித்துக் காத்திருந்தே ஆக வேண்டும். வெந்த பிறகு தொடை, தோள், வயிறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொத்தி, வினிகர், உப்பு, மிளகாய், மிளகு சேர்த்துப் பிசறுவார்கள். தக்காளி சேர்ப்பதில்லை. அதே மாநிலத்தின் மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் தோள்கறி மட்டும்தான் வேகும். சாற்றில் கெச்சப்பும் கலந்துவிடும். இதில் எது உயர்ந்தது என்று அந்த மாநிலத்தார் தலைமுறைகளாக வாதிடுகிறார்கள். என் நாக்கு கிழக்கின் பக்கம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஏடன் என்னும் சிற்றூரிலுள்ள ஸ்கைலைட் இன்னுக்குப் போங்கள். பீட் ஜோன்ஸ் 1947-இல் தொடங்கிய கடை அது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் குவிமாடத்தைப் போன்ற ஒரு மாடத்தைக் கூரைமேல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க உணவுத்துறையில் பெயர்பெற்ற விருதுகளை வழங்கும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை 2003-இல் இதற்குச் சிறப்பு விருது வழங்கியது. உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழுவது, இரண்டு வெட்டுக்கத்திகள் மரக்கட்டைமேல் மாறி மாறி இறங்கும் ஓசை. கொத்துப் பரோட்டாக் கடைவாசலில் நின்ற எவருக்கும் அந்தத் தாளம் பழக்கமானதாகவே தோன்றும். மொறுமொறுப்பான தோலையும் கறியோடு சேர்த்தே கொத்துவதால், மென்மையான இறைச்சிக்கு நடுவே திடீரென ஒரு துண்டு பல்லில் நொறுங்கும். காகிதத் தட்டில் கறி, அதன்மேல் தட்டையான சோள ரொட்டி, அதற்கும் மேலே முட்டைகோஸ் சாலட் என்று அடுக்கித் தருவார்கள். புளிப்பும் புகையும் நிறைந்த கறிக்குக் கோஸின் இனிப்பு மிகப் பொருத்தம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதை மனத்தில் வைத்துப் பயண நாளைக் குறியுங்கள்.

நீங்கள் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் போவீர்கள். கின்ஸ்டனில் வடக்கே திரும்பி 11-ஆம் எண் சாலையைப் பிடித்தால் ஏடன் வந்துவிடும். அவ்வளவு தூரம் விலக முடியாதென்றால், கோல்ட்ஸ்பரோவில் 1962-இல் தொடங்கிய வில்பர்ஸ் என்னும் பார்பிக்யூக் கடை வழியிலேயே கிடைக்கும். ஆனால் புறவழிச்சாலையில் ஏறிவிட்டால் அதைத் தவறவிடுவீர்கள், பழைய சாலையிலேயே ஊருக்குள் செல்லுங்கள். குழந்தைகளோடு சற்று வசதியாக உட்கார்ந்து சாப்பிட விரும்பினால், பீட் ஜோன்ஸின் பேரன் சாம் ஜோன்ஸ் 2015-இல் ஏடனுக்கு அருகே வின்டர்வில்லில் தொடங்கிய உணவகம் ஏற்றது.

உங்கள் கணவரைப் பற்றி ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும்: இவ்வகைக் கடைகளில் சைவம்போலத் தோன்றும் பலவும் சைவமல்ல. கீரையிலும் பீன்ஸிலும் பன்றி இறைச்சித் துண்டைப் போட்டு வேகவைப்பது அங்கே இயல்பு. ஸ்கைலைட் இன்னின் சோள ரொட்டியிலேயே பன்றிக் கொழுப்பு சேர்கிறது. சோளமாவு உருண்டை பொரிக்கும் எண்ணெய் எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள். கோஸ் சாலட்டின் மயோனைஸில் முட்டை இருக்கும். வீட்டிலிருந்தே அவருக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது.

கேள்வி: விறகில் வேகவைத்ததா, எரிவாயுவிலா என்று சாப்பிடும் முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: கடையின் பின்புறத்தைப் பாருங்கள். ஓக், ஹிக்கரி விறகு அடுக்கடுக்காகக் கிடக்க வேண்டும். தனியே ஒரு சமையல் கொட்டகையும், புகைபோக்கியைச் சுற்றிக் கரிப்படிவும் இருக்க வேண்டும். காரைவிட்டு இறங்கியதும் மூக்கு சொல்லிவிடும். விறகு விலையும் இரவுக் காவலும் தீ விபத்து அச்சமும் சேர்ந்து பல பழைய கடைகளை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டன. அவர்கள் மேல் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் வினிகர்ச் சாறு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தணலில் சொட்டிய கொழுப்பின் மணம் எரிவாயு அடுப்பில் வராது.

கேள்வி: நாங்கள் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனுக்குப் போகிறோம். அங்கே? (வாசகர், சென்னை)

பதில்: ஹெமிங்வே என்னும் சிற்றூரில் 1972 முதல் முழுப் பன்றி சமைத்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த ரோட்னி ஸ்காட், 2017-இல் சார்ல்ஸ்டன் கிங் தெருவில் உணவகம் திறந்தார், மறு ஆண்டே ஜேம்ஸ் பியர்ட் விருதும் பெற்றார். பகல் உணவுக்கு அங்கே செல்லுங்கள். பன்றி உண்ணாதவர் உடன் இருந்தால், டெக்சாஸிலிருந்து வந்த ஜான் லூயிஸ் 2016-இல் தொடங்கிய லூயிஸ் பார்பிக்யூவில் மாட்டின் நெஞ்சுக்கறி கிடைக்கும். அது டெக்சாஸ் முறை, கரோலினா முறையன்று. எனினும் ஓரம் கறுத்து, உள்ளே சாறு வற்றாமல் வெட்டித் தருகிறார்கள். கறுத்த ஓரத்துண்டைக் கேட்டு வாங்குங்கள்.