கஸ்டம் வாட்டர் கூலிங்: ஒன்றோடொன்று பொருந்தும் பாகங்களை எப்படித் தேர்வு செய்வது?

கம்ப்யூட்டரை நீரால் குளிர்விக்கும் பாகங்களை நாமே வாங்கிச் சேர்ப்பதுதான் கஸ்டம் வாட்டர் கூலிங். முதலில் கிராபிக்ஸ் கார்டின் பிளாக்கை (சிப்பின் மேல் பொருத்தி, உள்ளே ஓடும் நீரால் சூட்டை எடுக்கும் உலோகப் பாகம்) பாருங்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். ஒரே சிப் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி போர்டின் அமைப்பு மாறும். கார்டின் முழு மாடல் பெயரை பிளாக் தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். சிபியு பிளாக்குக்கு சாக்கெட் (மதர்போர்டில் சிபியு உட்காரும் இடத்தின் வகை: ஏஎம்5, எல்ஜிஏ1700 போன்றவை) ஒத்துப்போனால் போதும்.

அடுத்து உலோகம். செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டர் (நீரின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்) கூடவே கூடாது. ஒரே நீரில் இரண்டும் இருந்தால் அலுமினியம் அரித்து, அந்தக் கசடு பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களை அடைக்கும். அரிப்புத் தடுப்பு திரவம் இதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. விலை மலிவான ரேடியேட்டர் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஃபிட்டிங் (டியூபைப் பாகங்களோடு இணைக்கும் முனை) மரை எல்லாம் அநேகமாக ஜி1/4 என்ற ஒரே அளவுதான். சிக்கல் டியூபில்: 10/13 (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13 மிமீ) ஃபிட்டிங்கில் 10/16 டியூப் ஏறாது, உள், வெளி விட்டம் இரண்டும் பொருந்த வேண்டும்.

கேஸில் '360 ரேடியேட்டர் (மூன்று 120 மிமீ ஃபேன் நீளம்) பொருந்தும்' என்று போட்டிருந்தாலும் தடிமனை அளந்து பாருங்கள். 30 மிமீ ரேடியேட்டர், 25 மிமீ ஃபேன், மொத்தம் 55 மிமீ. மேல்பக்கம் பொருத்தினால் ராம் இடிக்கலாம். பம்புக்கு டி5 என்ற வகை போதும்.

நீர் நிரப்பியதும், கசிவு இருக்கிறதா என்று பார்க்க பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஃபிட்டிங்குகளுக்கு அடியில் டிஷ்யூ வைத்து, ஒருநாள் ஓடவிடுங்கள்.