பயிரை அதன் காட்டு இனத்தோடு கலந்தால் மரபணு பாதிக்குப் பாதி வருமா?

காட்டுப் புல்லோடு கலந்து உண்டாக்கிய ரகங்களில் பாதி மரபணு காட்டுப் புல்லுடையதா, அது பயிரைக் கெடுக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி இருக்காது. எவ்வளவு தங்கும் என்பது முதல் கலப்புக்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் பாபநாசம் பக்கம். பயிர்ப் பெருக்கம் படித்துவிட்டு இப்போது நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைத்திருக்கிறேன், அதனால் இந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

கொள்ளிடக் கரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் நாணல், கரும்புக்குப் பங்காளி முறை. தித்திப்பு பெயருக்குத்தான். ஆனால் வெள்ளத்தில் முங்கினாலும் கோடையில் காய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். (கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று அதைத் தூரோடு பெயர்த்துப் போடும்போது எனக்கு வயிறு எரியும்.) 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பைத் தாயாகவும், உள்ளூர் நாணலைத் தகப்பனாகவும் வைத்துக் கலந்தார்கள். பிறந்தது கோ 205 என்ற கரும்பு ரகம்.

இதன் கணக்கைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெள்ளைக்கு 80 குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை), அந்த நாணலுக்கு 64. ஆளுக்குப் பாதி கொடுத்தால் 40-ம் 32-ம் சேர்ந்து 72 வர வேண்டும். வந்ததோ 112! தாய் தன் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது, நாணல் மட்டும் 32. அந்த வாரிசுகளை மறுபடி தடித்த கரும்போடு கலக்கக் கலக்க நாணலின் பங்கு இன்னும் சுருங்கும். இன்று ஆலைக்கு வெட்டும் கரும்பில் அது ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம்தான். தூர் வெடிப்பதும், மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளரும் பயிர்) நன்றாக வருவதும், நோய் தாங்குவதும் பெரும்பாலும் அந்தப் பங்கால்தான்.

நெல்லில் இந்தச் சலுகை கிடையாது. ஒரே இனத்துக்குள் தூரத்து வகைகளைக் கலந்தாலே முதல் தலைமுறையில் பதர் விழும். 1960-களில் தாத்தா குறுவைக்குப் போட்ட ஆடுதுறை 27 அப்படி ஒரு கலப்புதான், ஜப்பானின் நோரின் 10 நெல்லும் நம் ஜி.இ.பி. 24 நெல்லும். அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல்லுக்கு நம் நெல்லைப் போலவே 24 குரோமோசோம். ஆனாலும் இரண்டும் சரியாக இணை சேராது, கலந்தாலும் கரு பாதியில் மடியும். கருவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துத்தான் புகையான் பூச்சியைத் தாங்கும் குணத்தைக் கொண்டுவந்தார்கள்.

நிவாரா என்ற காட்டு நெல் சுலபமாக இணை சேரும். சரி, அதில் என்ன சிக்கல் என்றால், வேண்டிய மரபணுவோடு பக்கத்தில் இருப்பவையும் ஒட்டிக்கொண்டு வரும். மணி உதிரும், மீசை நீளும். அதனால் நல்ல ரகத்தோடு திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காட்டுப் பங்கு ஏறத்தாழப் பாதியாகும், ஆனால் ஒட்டிக்கொண்ட துண்டு லேசில் கழலாது. புகையான் பரப்பும் ஒரு குட்டை வைரஸ் நோய்க்கு, ஆயிரக்கணக்கான மாதிரிகளில் தேடியும், உத்தரப் பிரதேசத்திலிருந்து பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன ஒரே ஒரு நிவாரா மாதிரியில்தான் எதிர்ப்பு கிடைத்தது. அதை அந்த நிலையத்தின் ஐ.ஆர். 24 என்ற நெல் ரகத்தோடு பலமுறை கலந்து, அந்த வழியில் 1976-ல் வந்ததுதான் ஐ.ஆர். 36. அப்பா அதைக் குறுவைக்குப் போட்டிருக்கிறார். அறுவடையில் மணி உதிரவில்லை, களத்தில் பார்த்தால் மற்ற குட்டை ரக நெல்லைப் போலவேதான் இருந்தது.