நடுவில் தமிழுக்குத் தாவும் கீபோர்டு: என்ன செய்வது?

கேள்வி: தமிழ் தட்டச்சில் ஹையர் முடித்தவள் நான். வீட்டிலிருந்தே வக்கீல்களுக்கும் சில எழுத்தாளர்களுக்கும் டைப் செய்து கொடுக்கிறேன். புதிதாக விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கினேன். கடைக்காரர் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு "தமிழ் சாஃப்ட்வேர்" போட்டுக் கொடுத்தார். அன்று முதல் ஆங்கிலத்தில் அடிக்கும்போதே திடீரென்று தமிழ் விழுகிறது. காலையில் பாஸ்வேர்டு தவறு என்கிறது. ஈமெயில் முகவரியில் 'அட்' குறியை அடித்தால் மேற்கோள் குறி வருகிறது. திரும்பக் கூப்பிட்டால், ஃபார்மட் செய்ய வேண்டும், இன்னொரு தொகை ஆகும் என்கிறார். தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஃபார்மட் வேண்டாம். அவரைக் கூப்பிடவும் வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் கெட்டுப்போகவில்லை. தேவைக்கு மேல் நாலைந்து கீபோர்டு அமைப்புகள் உள்ளே குடியேறியிருக்கின்றன, உங்கள் விரல் தெரியாமல் அவற்றை மாற்றி மாற்றி எழுப்புகிறது. அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ் அச்சிட்ட கீபோர்டு வாங்கிப் பயனில்லை. விசையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீங்கள் அழுத்தியது எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது விசை என்பது மட்டும்தான் அதற்குப் போய்ச் சேரும். அதைக் 'க' என்று காட்டுவதா, ஆங்கில 'எச்' என்று காட்டுவதா என்பதை உள்ளே இருக்கும் லேஅவுட், அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு, முடிவு செய்கிறது. கடையில் கிடைக்கும் தமிழ் கீபோர்டில் அச்சிட்டிருப்பது ஒரு லேஅவுட், உங்கள் கை பழகியது வேறொன்று என்றால் குழப்பம் இரட்டிப்பாகும். பார்க்காமல் அடிக்கக் கற்ற உங்களுக்கு அது எதற்கு?

இனி நடுவில் தாவும் விவகாரம். விண்டோஸில் மொழி மாற்ற மூன்று வழிகள் உண்டு. விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்துவது ஒன்று. இதை அழுத்தினால் பட்டியல் திரையில் தெரியும், எதற்கு மாறுகிறோம் என்று பார்த்து மாறலாம். இடதுபக்க ஆல்ட்டோடு ஷிஃப்ட் இரண்டாவது, கண்ட்ரோலோடு ஷிஃப்ட் மூன்றாவது. வில்லங்கம் இந்தக் கடைசி இரண்டில்தான். ஷிஃப்டும் கண்ட்ரோலும் ஆல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வேகமாக அடிக்கும்போதும், வேர்டில் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இரண்டு விசைகள் சேர்ந்து அழுந்திவிடும். ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் மொழி மாறும். கண்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்ந்தால் அந்த மொழிக்குள்ளேயே ஒரு லேஅவுட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். சத்தம் வராது, எச்சரிக்கை வராது. நீங்கள் 'திடீரென்று' என்று எழுதியது இதைத்தான்.

இந்த இரண்டையும் ஒழித்துக்கட்டுங்கள். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்வேஜ்', அதில் 'டைப்பிங்', அதற்குள் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்', அங்கே 'இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ்'. பழைய காலத்துப் பெட்டி ஒன்று திறக்கும். 'சேஞ்ச் கீ சீக்வென்ஸ்' என்ற பட்டனை அழுத்தி, இரண்டு பக்கத்திலும் 'நாட் அசைன்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இத்தனை ஆழத்தில் இதை ஏன் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் இடத்தை மாற்றுகிறார்கள், பெட்டியை மட்டும் மாற்றுவதில்லை. இதற்குப் பிறகு விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் மட்டுமே மொழியை மாற்றும்.

அதே 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் கீபோர்டு வைத்துக்கொள்ள ஒரு டிக் இருக்கும். வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று வேலை செய்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். போட்டுக்கொள்ளுங்கள்.

வேர்டு தன் பங்குக்கு ஒரு சேட்டை செய்யும். கர்சரைத் தமிழ் வரிக்குக் கொண்டுபோனால் கீபோர்டைத் தமிழுக்கும், ஆங்கில வரிக்குக் கொண்டுபோனால் ஆங்கிலத்துக்கும் தானாகவே மாற்றும். வேர்டு ஆப்ஷன்ஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியில், சுற்றியுள்ள எழுத்தின் மொழிக்கேற்பக் கீபோர்டை மாற்று என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் டிக்கை எடுத்துவிடுங்கள்.

'அட்' குறி கேட்டால் மேற்கோள் குறி வருவது வேறு நோய். பிரிட்டிஷ் ஆங்கில லேஅவுட் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஷிஃப்டோடு இரண்டை அழுத்தினால் மேற்கோள் குறி விழும், ஷிஃப்டோடு மூன்றை அழுத்தினால் பவுண்டு குறி. நம் ஊரில் விற்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பைச் சேர்ந்தவை. 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' பக்கத்தில் இங்கிலீஷ் யுனைடெட் கிங்டம் என்று இருந்தால் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு நீக்குங்கள். சில சமயம் பட்டியலில் அது இருக்காது, ஆனால் கீழே டாஸ்க்பாரில் மட்டும் ஆவி மாதிரி எட்டிப் பார்க்கும். அப்போது அதே மொழியை நீங்களே ஒருமுறை சேர்த்து, உடனே நீக்குங்கள். போய்விடும். விசித்திரமான வைத்தியம்தான், ஆனால் வேலை செய்கிறது.

பாஸ்வேர்டுக்கும் இதே காரணம்தான். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் தமிழில் அடிக்கிறோம் என்பதே தெரிவதில்லை. பாஸ்வேர்டு திரையின் வலது கீழ் மூலையில் மொழிக் குறி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தால் ஆங்கிலத்தை மேலேயும் தமிழை அதற்குக் கீழேயும் வையுங்கள். அடித்தது என்ன என்று சந்தேகம் வந்தால் பெட்டியின் ஓரத்திலுள்ள கண் படத்தை அழுத்திப் பார்க்கலாம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ரீசெட் செய்யக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விண்டோஸ் 11-இல் தமிழ் உள்ளேயே இருக்கிறது. தமிழ் 99 என்ற லேஅவுட் இருக்கிறது, அஞ்சல் என்ற லேஅவுட் இருக்கிறது, ஒலிப்பு முறையில் அடிக்க ஃபொனெட்டிக் இருக்கிறது. எழுத்துருவும் இருக்கிறது: லதா 2000-ஆம் ஆண்டு விண்டோஸிலிருந்தே வருகிறது, நிர்மலா விண்டோஸ் 8-இலிருந்து வருகிறது. எல்லாம் நீங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த காசிலேயே அடக்கம். 'தமிழ் சாஃப்ட்வேர்' என்று தனியாகப் போடுபவர்களில் பலர் செய்வது, எங்கோ இறக்கிய திருட்டுப் பிரதி ஒன்றையும், ஐந்நூறு பழைய எழுத்துருக்களையும், தெரிந்த எல்லா லேஅவுட்டையும் ஒரே பென்டிரைவிலிருந்து கொட்டிவிட்டுப் போவதுதான். எந்த லேஅவுட்டில் அடிப்பீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுத வேலையே வந்திருக்காது. அடுத்த தடவை யாராவது தமிழ் போடுகிறேன் என்றால், பில்லில் மென்பொருளின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அவர் போட்டதில் உங்களுக்கு வேண்டாததை ஆப்ஸ் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அப்புறம், விண்டோஸின் சொந்தத் தமிழிலேயே அடிப்பதாக இருந்தால் மட்டும், 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' பக்கத்தில் தமிழ் இந்தியா என்பதைச் சேருங்கள். சேர்க்கும்போது விண்டோஸையே தமிழில் காட்டவா என்று ஒரு டிக் கேட்கும், அதைத் தொடாதீர்கள். தொட்டால் மெனு முழுக்கத் தமிழாகி, திரும்பி வர வழி தெரியாமல் தவிப்பீர்கள். சேர்த்ததும் ஒரு லேஅவுட் தானாக வந்து உட்காரும். அது எது என்று மூன்று புள்ளி, 'லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்' வழியாகப் போய்ப் பாருங்கள். வேண்டியதைச் சேர்த்துவிட்டு மற்றதை நீக்குங்கள். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் சிக்கல்தான்.

வேண்டியது எது? புதிதாகக் கற்பவர் என்றால் யோசிக்காமல் தமிழ் 99 என்பேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற முறை அது. இடது கையில் உயிர், வலது கையில் மெய். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ. இனமெழுத்து சேர்ந்து வந்தால் புள்ளி வைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் புதியவர் இல்லை. பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசையை யளனக என்று வருடக்கணக்கில் விரலில் ஏற்றியவர். உங்களிடம் போய்த் தமிழ் 99 கற்றுக்கொள்ளுங்கள் என்று பலர் பிரசங்கம் செய்வார்கள், நான் செய்ய மாட்டேன். இயந்திரத்தில் பழகிய வேகம் ஒரு சொத்து. நாளைக்கே வக்கீலுக்கு முப்பது பக்கம் கொடுக்க வேண்டியவர் இன்றைக்கு 'க' எங்கே என்று தேட முடியாது. சிக்கல் என்னவென்றால், பழைய தட்டச்சு லேஅவுட் விண்டோஸில் கிடையாது. அதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒன்று வேண்டும். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டிலும் தட்டச்சு முறை இருக்கிறது, இரண்டும் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் விசைப்பலகை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஏதாவது ஒன்று போதும்.

இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள், உங்களைப் போன்றவர்கள் எல்லாரும் விழும் குழி இது. இந்த மென்பொருள்கள் விண்டோஸின் ஆங்கிலக் கீபோர்டுக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்பவை. இவற்றை இயக்கும்போது விண்டோஸ் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். விண்டோஸையும் தமிழுக்கு மாற்றி, இதையும் இயக்கினால் ஒரே விசையை இரண்டு பேர் மொழிபெயர்ப்பார்கள், திரையில் குப்பை விழும். உங்கள் கம்ப்யூட்டரில் இதுவும் நடந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆகவே தட்டச்சு முறையிலேயே தொடர்வதென்றால் விண்டோஸின் தமிழைச் சேர்க்கவே வேண்டாம். ஆங்கிலம் ஒன்று மட்டும் இருக்கட்டும். தமிழுக்கு மாறுவதும் திரும்புவதும் அந்த மென்பொருளின் குறுக்கு விசையாலேயே நடக்கட்டும். தமிழ் 99-க்குப் போகிறீர்கள் என்றால் வெளி மென்பொருள் எதுவும் வேண்டாம். இரண்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து கூடாது.

இன்னொன்று. இயந்திரத்தில் 'கொ' அடிக்கக் கொம்பை முதலில் அடித்து, பிறகு க, பிறகு கால். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் 'க' முதலில் சேமிக்கப்படும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஒகரம் அதன் பின்னால் வரும். கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிவது வெறும் தோற்றம். நீங்கள் இயந்திர வரிசையில் அடித்தாலும் மென்பொருள் உள்ளே மாற்றி வைத்துக்கொள்ளும். நடுவில் பேக்ஸ்பேஸ் அடித்துத் திருத்தும்போதுதான் அது தடுமாறும், கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். அப்படி நின்றால் ஒட்டுப்போடாதீர்கள், அந்தச் சொல்லை முழுக்க அழித்து மறுபடி அடியுங்கள். காலுக்குப் பதில் 'ர' அடித்து ஒப்பேற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அச்சில் யாருக்கும் தெரியாது, ஃபைலில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

சில வக்கீல்கள் பாமினியில் கொடு, வானவில்லில் கொடு என்பார்கள். அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். பாமினியில் 'அம்மா' என்று தெரிவதன் அடியில் இருப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அந்த ஆங்கிலம்தான் தெரியும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்குப் பல வருடம் கழித்தும், நான் யூனிகோடில் அனுப்பிய ஒரு ஃபைலை ஓர் அலுவலகம் 'எங்கள் ஃபாண்டில் இல்லை' என்று திருப்பி அனுப்பியது. அவர்கள் தளத்திலோ அதே யூனிகோடில்தான் அறிவிப்பு போட்டிருந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? நீங்கள் யூனிகோடிலேயே அடித்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்பவருக்கு மட்டும் மாற்றிக் கொடுங்கள். என்எச்எம் நிறுவனத்தின் இலவச கன்வர்ட்டர் ஒன்று உண்டு, உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். வக்கீல் ஃபைலை இணையத்தில் கண்ட தளத்தில் ஒட்டி மாற்றாதீர்கள், பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று மாற்றித் தருகிறவர்களிடமும் போகாதீர்கள். மாற்றியதும் ஸ்ரீ, க்ஷ, ஔகாரம் மூன்றையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், பெரும்பாலும் தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எல்லாம் முடித்த பிறகு நோட்பேடைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு வரி, உங்கள் ஈமெயில் முகவரி, தமிழில் ஒரு வரி அடியுங்கள். ஷிஃப்ட், ஆல்ட், கண்ட்ரோல் மூன்றையும் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று அழுத்திப் பாருங்கள். மொழி அசையாமல் இருந்தால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டு திரையின் மூலையில் ஆங்கிலம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.