குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்யும் உளவியலாளர் ஆகலாமா?

"போலீஸ், கோர்ட்டு என்று அலைகிற வேலை நமக்கெதற்கு" என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி வருடம் படிக்கும் பெண் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே பேச்சு விழுந்தது. தருமபுரியில் பதினொரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன்.

படிப்பைப் பொறுத்தவரை, எம்.எஸ்சி. மட்டும் போதாது. மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும்.

வேலை எப்படியிருக்கும் என்பதற்கு, பாலக்கோடு பக்கம் தக்காளி வியாபாரம் செய்யும் ஒரு அக்காவைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). விடியற்காலையில் மண்டிக்கு நடந்து போனபோது, பைக்கில் வந்த இருவர் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "உசிரு தப்புச்சே, நகைதானே" என்று சொந்தக்காரர்கள் தேற்றினார்கள். ஆனால் அக்கா ஆறு மாதம் மண்டிப் பக்கமே போகவில்லை. என்னிடம் வந்தபோது மஞ்சள் கயிறு கட்டியிருந்தார். பேசுகிற நேரம் முழுக்க வலது கை அதைப் பொத்தியபடியே இருந்தது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பை அளக்க 20 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதைத் தமிழில் கேட்டுக்கொண்டே வந்தேன். "கெட்ட கனவு வருதாக்கா?" "இல்லம்மா." இல்லை என்று குறித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "தூங்குனாத்தானே கனவு வரும்" என்றார். என் ஆய்வுக்காக அதற்கு முன் நிரப்பிய தாள்களை எல்லாம் அன்று ராத்திரி திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

கோர்ட்டில் குறுக்கு விசாரணை. புகாரில் பைக் கறுப்பு, சாட்சியத்தில் சிவப்பு. "அப்போ எது பொய்?" என்று கேட்டபோது அக்காவுக்கு நாக்கு எழவில்லை. உயிர்ப்பயத்தில் கண் ஏதாவது ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். அவருக்குப் பைக் நிறம் நிற்கவில்லை. கழுத்தில் கை வைத்தவனின் கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது நிற்கிறது. குறுக்கு விசாரணையே கூடாது என்று நான் சொல்லவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. விவரம் மாறுவதையே பொய்க்கு அத்தாட்சியாக எடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இதே மாவட்டத்து மலைவாழ் மக்கள் கிராமமான வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் சோதனை என்று போன அரசு ஊழியர்கள் அங்கே 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கு, 2011 செப்டம்பரில்தான் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 18 பெண்கள் அதே நாளை எத்தனை தடவை திரும்பச் சொல்லியிருப்பார்கள்! நகைப் பறிப்பையும் வாச்சாத்தியையும் ஒன்றாக்குகிறாயா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதன் வலியை மட்டும்தான் சொல்கிறேன்.

அலைச்சல் நிஜம்தான். சென்னையில் பயிற்சி என்றால் மொரப்பூர் போய்த்தான் ரயில் பிடிப்பேன். தருமபுரி–மொரப்பூர் பாதை வெள்ளைக்காரன் காலத்தில் ஓடியது, பிறகு பிடுங்கிவிட்டார்கள். திரும்ப வருகிறது என்று எத்தனை தேர்தலில் கேட்டாயிற்று! ராத்திரி பத்து மணிக்கு மொரப்பூரில் தனியாகப் பஸ்ஸுக்கு நின்றால் என் ஆத்திரம் புரியும்.

சரி, அந்த அக்கா. முதலில் வாசல் வரை, அப்புறம் தெருமுனை வரை, பைக் போகும்போது நின்று மூச்சு விடுவது என்று படிப்படியாகப் பழக்கினோம். நாலு மாதத்தில் மண்டிக்குப் போனார், விடிந்த பிறகு, மகனோடு.

வருவதென்றால் தெலுங்கோ கன்னடமோ கொஞ்சம் கற்றுக்கொண்டு வாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் அழும்போது அந்த மொழிக்குப் போய்விடுகிறார்கள்.